அச்சும் அசலும்

காகிதப்பட்டறையில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
என் மேசைக்கு வாய்கள் வருவதில்லை.
அச்சுகள் வரும்.

கன்னியப்பனின் கீழ்த்தாடை மட்டும்
இரண்டு வழியாக வந்தது.

ஒன்று, மே மாத வெயிலில்,
தோட்டப்பாளையத்திலிருந்து டிவிஎஸ் வண்டியில்.
ட்ரே நிறைய இறுகிய ஊதாப் பசை,
அதைத் துளைத்து நிற்கும் நாலு நீள ஸ்க்ரூ.
கூடவே டாக்டர் ஷகீராவின் சீட்டு:
"ஐந்து நிமிஷம் வாயில் வைக்கணும்.
இரண்டு தடவை குமட்டித் துப்பிவிட்டார்.
இது மூன்றாவது."

மற்றது மெயிலில். நாற்பத்தெட்டு எம்பி.
துப்பிய சேதி எதுவும் அதில் இல்லை.
திரையில் ரோஜா நிற ஈறு,
சுட்டியால் உருட்டினால் உருளும்.
ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு:
கன்னத்தை விலக்கிய கையுறை விரல்,
கேமராவுக்குள் தவறி விழுந்தது.

தொழில் என்ற இடத்தில் டவாலி என்றிருந்தது.
சத்துவாச்சாரி கோர்ட்டில்
பெயரை மும்முறை கூப்பிடுகிறவர்.
நாக்கு போய்த் தொட பல் இருந்தால்தானே 'த'?
அவர் கூப்பிட்டது புரியாமல்
ஒரு தனபாலுக்கு வாரண்டே போனதாம்.
ஷகீரா சொன்னாள். நிஜமோ, கதையோ.

ப்ரின்டர் வாங்கிய கடனுக்கு
மாதம் பதினெட்டாயிரம் கட்டுகிறேன்.
ஸ்கேன் ஜெயிக்கட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

ஸ்கேனை நம்பிக் கடைந்து வந்தது டைட்டானியம் பட்டை.
கல்மாதிரி மேல் வைத்தேன்.
மூன்று காலில் உட்கார்ந்தது.
நாலாவதில் ஓர் இடுக்கு:
தலைமுடியை நீளவாக்கில் பிளந்தால் வரும் பாதி.

சொந்தப் பல்லுக்கு வேரைச் சுற்றி மெத்தை உண்டு,
கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.
இது எலும்போடு எலும்பாகிவிட்ட ஸ்க்ரூ.
அரை முடிக்குக்கூட மன்னிக்காது.

எது பொய்?
கல்லை ஊற்றியவள் நான்தான்.
கரண்ட் போய், வைப்ரேட்டர் நின்று,
கையால் தட்டித் தட்டிக் குமிழி விரட்டிய மதியம்.
தண்ணீர் ஒரு மில்லி கூடியிருக்கலாம்.
ஸ்கேனோ, பல்லே இல்லாத வழுக்கு ஈற்றில்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
படம் படமாக ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது.
பாலாற்று மணலில் குறுக்கே நடப்பவன்
ஒரு புதர்கூட அடையாளத்துக்கு இல்லாமல்
கரையேறும்போது பத்தடி தள்ளி ஏறுவானே,
அப்படியும் இருக்கலாம்.

இரண்டு சாட்சி.
கூண்டில் ஏறவேண்டிய வாயோ
ஆறு கிலோமீட்டர் தள்ளி.

மாலை ஆறு மணிக்கு போன்:
"வலது கடைசி ஸ்க்ரூவை மட்டும் முறுக்கினேன் தனா.
இடது பக்கம் எழும்புகிறது."
கல் சொன்னது சரி.
சந்தோஷப்பட வேண்டியவள்
வட்டியைக் கணக்குப் போட்டேன்.
பட்டையை அறுத்தேன். கல்லின் மேல் வைத்து ஒட்டினேன்.
அடுத்த வாரமே சேண்பாக்கத்து ஒற்றைப் பல் ஒன்று
ஸ்கேனில் அச்சு அசலாக வந்து
தட்டாமல் உட்கார்ந்தது. அதே பல்லுக்கு
நான் ஊற்றிய கல்லில் குண்டூசித் தலை அளவு குமிழி.
ஆகவே யாரும் என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள்.

ஆகஸ்டில் எனக்கே ஒரு கேஸ்.
ஆற்காட்டு கிளினிக் ஒன்று தந்த காசோலை திரும்பிவிட்டது.
கோர்ட் வராந்தா, புளிசாதப் பொட்டலங்கள்,
வக்கீல் குமாஸ்தாவின் வியர்வை வாடை.
கதவருகே வெள்ளை உடுப்பில் ஒருவர்:

"தனகோட்டி! தனகோட்டி! தனகோட்டி!"

மூன்று 'த'. மூன்றும் பிசிறில்லாமல்.
திறந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
எனக்கு அந்தத் தாடை மனப்பாடம்,
இடது ஓரத்தில் நான் ஒட்டிய தழும்பு உட்பட.
அவருக்கு என்னைத் தெரியாது.
"ஆள் இருக்கா இல்லையா?" என்று அதட்டினார்.

"இருக்கேன்" என்றேன், தாமதமாக.

அன்றைக்கும் வாய்தாதான்.
பரவாயில்லை,
மறுபடி கூப்பிடுவார்.